சீலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி

போன கிழமை பாரிஸில் ரூ காய் தெருவில் மீன் வாங்கப் போனேன். ஐஸ் மேல் ஒரு சீலா வாயைப் பிளந்தபடி கிடந்தது. நீண்ட தாடை, ஊசி ஊசியாகப் பற்கள், யாரையோ திட்டிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது மாதிரி ஒரு முகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா, விலையைப் பாத்தோ சிரிக்கிறியள்?" என்றார் கடைக்காரத் தம்பி.

"இல்லைத் தம்பி, அப்பான்ரை நினைவு வந்தது."

அவர் மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவுக்கு அப்படி முகம் இல்லை, கதை வேறு. உங்களுக்குச் சொன்னால் என்ன?

அந்த நாட்களில் நான் ரூ லூயி-பிளாங்கில் ஒரு பயண முகவர் கடையில் ரிக்கெற் போட்டுக்கொடுக்கிற வேலையில் இருந்தேன். பக்கத்துத் தெரு உணவகத்தில் அன்ரன் சமையல். வெங்காயமும் கறிவேப்பிலையும் மணக்க மணக்க வந்து, கொழும்புக்கு என்ன விலை என்று கேட்பார். சொல்வேன். அடுத்த கிழமையும் வந்து கேட்பார். குளிர்காலம் முழுக்கக் கேட்டார், ஒருநாளும் போகவில்லை. கடை முதலாளிக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை. எனக்கு இரண்டாம் கிழமையே விளங்கிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், ரூ காயின் இந்த முனையிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால், அந்த முனைக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி புறநகரில், பொண்டியில் எங்கள் வீட்டுக் குசினிக்குப் போய்விடும். அன்ரன் மன்னார், வேதக்காரர். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை மீன்சட்டியைக் கண்ணில் காட்டவும் கூடாது. அப்பா நல்ல மனிதர்தான், ஆனால் சாதகம் இல்லாத மருமகனை அவரால் கற்பனை செய்யவே முடியாது.

ஆகவே பொண்டியிலேயே ஒளிப்பது என்று முடிவெடுத்தோம். வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கால்வாய்க் கரையில். இலையுதிர் காலத்துக் குளிரில் எந்தத் தமிழன் தண்ணீர்க் கரைக்கு வரப்போகிறான்? சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று அன்ரன் ஒரு தூண்டிலும் வாங்கினார். மன்னார் என்றதும் எல்லோரும் கடலோடி என்று நினைத்துக்கொள்வார்கள். அவருடைய தகப்பன் தையற்காரர். அன்ரன் தொட்ட ஒரே வலை, படுக்கைக்குக் கட்டுகிற நுளம்புவலை.

அவருக்கு மீன்பிடிக்கப் பழக்கியது ஒடெத். ஓய்வு பெற்ற மூதாட்டி. மடக்குக் கதிரை, பச்சை மழைக்கோட்டு, வாயில் அணைந்த சிகரெட். கால்வாயில் புறோஷே என்று ஒரு மீன் இருக்கிறது, நீருக்குள் தடி மாதிரி அசையாமல் நின்று, மற்ற மீன்களைப் பாய்ந்து கவ்வும் ராட்சசன் என்று கண்களை உருட்டிச் சொல்வார். அதைப் பிடிக்க இரை வேண்டாம். மினுங்குகிற தகட்டுக் கரண்டி ஒன்றை எறிந்து இழுத்தால் போதும். அன்ரன் எறிந்து எறிந்து மஞ்சள் இலைகளை இழுத்தார். கால்வாயை அந்த வருடம் துப்புரவாக்கியதே அவர்தான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பின்னேரங்களில் இந்தக் கூத்து. வீட்டில் "பிரெஞ்சு வகுப்பு" என்று சொல்லியிருந்தேன். முழுப்பொய் என்று சொல்ல முடியாது. மீன் தப்பும்போது ஒடெத் சொல்லும் சொற்களை எந்த வகுப்பிலும் படிப்பிக்க மாட்டார்கள்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அவர் ஒருநாள் திடீரென்று மதித்துவிட்டார். கம்பளித் தொப்பி, அம்மா பின்னிய மஃப்ளர், பின்னால் கட்டிய கை. பொப்லார் மரங்களுக்குக் கீழே அவர் வருவதைக் கண்டேன். "என் அப்பா" என்று முணுமுணுத்தேன். ஒடெத் உடனே எழுந்தார். மழைக்கோட்டைக் கழற்றி என் தலைக்கு மேல் போர்த்து, தன் கதிரையில் என்னை அமுக்கினார். இந்த வேலையில் அவருக்கு முன் அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

கோட்டுக்குள் சிகரெட் நாற்றத்தோடு இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி தமிழோ?"

"ஓம் ஐயா."

"எவ்விடம்?"

"மன்னார்."

"அப்ப பழகின கைதான். இஞ்சை என்ன மீன்?"

"புறோஷே எண்டு ஒண்டு, ஐயா. எங்கடை சீலாவுக்கு ஒண்டுவிட்ட தம்பி மாதிரி."

"கனக்கப் பிடிச்சிருக்கிறீரோ?"

அன்ரன் பதில் சொல்வதற்குள் தூண்டில் வில்லாக வளைந்தது. இத்தனை நாளும் இலை தவிர ஒன்றும் தராத கால்வாய், அந்த நேரம் பார்த்துத் தன் ராட்சசனை அனுப்பிவிட்டது. ஒடெத் கத்தினார், அன்ரன் கத்தினார், அப்பா எல்லோரையும் விட உரத்துக் கத்தினார். "இழு! இழாதை! விட்டுப் பிடி!" கைவலையை எடுத்துக்கொண்டு கரையில் குனிந்தார். பச்சையும் பொன்னுமாக ஒரு நீண்ட உடல் நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, தொங்கிய மஃப்ளரைக் கவ்வியது. ஈர இலை சறுக்க, அப்பா தண்ணீரை நோக்கி வழுகினார்.

"ஐயோ அப்பா!"

வாயிலிருந்து போய்விட்டது. பிரெஞ்சுக் கிழவியின் கோட்டுக்குள் இருந்து தமிழ் வந்ததும் அப்பா திரும்பிப் பார்த்தார். நான். அன்ரன். மறுபடியும் நான். அவருடைய முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்குவது தெரிந்தது. மீன் ஒரு திமிறு திமிறியது.

"அதைப் பிறகு கதைப்பம்," என்றார் அப்பா. "இப்ப வந்து வாலைப் பிடி, பிள்ளை!"

மூன்று பேருமாகக் கரையேற்றினோம். மீனைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும் என்று ஒடெத் மன்றாடினார். "இவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சதை விடச் சொல்லுது, மனிசிக்கென்ன விசரோ?" என்று அப்பா மீனை மார்போடு அணைத்துக்கொண்டார். வீடுவரை அவரே அதைச் சுமந்தார், நாங்கள் பின்னால் நடந்தோம். வாசலில் அன்ரனைப் பார்த்து, "நீரும் வாரும். விசாரிக்க வேணும்" என்றார்.

அம்மா புளி கரைத்துத் தூள் போட்டுக் குழம்பு வைத்தார். அப்பா சோற்றுக் கோப்பைக்கு முன் நிமிர்ந்து இருந்து விசாரணையைத் தொடங்கினார். "அப்ப தம்பி, நீர் எந்தக் கோயி..." அத்தோடு நின்றது. புறோஷேக்குக் கவட்டு முள், கவனம் தப்பினால் தொண்டைதான். அன்ரன் அவசரமாக ஒரு சோற்று உருண்டை பிடித்து நீட்டினார். அப்பா விழுங்கினார், கண்ணைத் துடைத்தார். "வீட்டிலை ஆர் ஆர்..." மறுபடியும் முள். மறுபடியும் உருண்டை. "கதையாமல் சாப்பிடுங்கோப்பா!" என்று அம்மா அதட்டினார். கோப்பை வெறுமையானபோது கேள்விகள் எல்லாம் வயிற்றுக்குள் போயிருந்தன.

சம்மதம் என்று அப்பா சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் சப்பாத்துப் போடும்போது தொப்பியோடு வாசலில் நின்றார். "அந்தப் பெடியன் வருவானோ? எனக்கும் ஒரு தூண்டில் வேணும்." அதன் பிறகு எங்களுக்குத் தனியாகக் கதைக்க ஒரு நிமிடம் கிடைத்ததில்லை. கலியாணம் கட்டியதே அதற்காகத்தான் என்று அன்ரன் இன்றைக்கும் சொல்வார். தேவாலயத்தில் ஒருமுறை, ஐயரை வைத்து ஒருமுறை. இரண்டிலும் ஒடெத் முன்வரிசை.

இப்போது அந்தக் கரையில் கண்ணாடிப் பல்கணிகளோடு புது மாடிகள். ஒடெத் ஓர் இலையுதிர் காலம் வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. அப்பாவும் போய்விட்டார். கடைசிவரை ஒரு புறோஷேயும் அவர் தனியாகப் பிடிக்கவில்லை. பிடித்ததாகச் சொல்லாத நாளும் இல்லை.

போன மாதம் எங்கள் மகள் ஒரு பெடியனை முன்வாசலால் நேராகக் கூட்டிவந்து, பிரெஞ்சில் பெயரைச் சொல்லி, சோபாவில் இருத்திவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று குளிர்பெட்டியைத் திறந்தாள். பொய் இல்லை, பதற்றம் இல்லை, ஒரு சின்னச் சாட்டுக்கூட இல்லை. நானும் அன்ரனும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.

"பாவம்," என்றார் அன்ரன், உண்மையான கவலையோடு. "பிள்ளையை ஒளிக்கவே தெரியாமல் வளத்துப்போட்டம்."