எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு

ராமேஸ்வரம் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு தங்கும் விடுதியில், வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. காலையில் பாம்பனிலிருந்து பஸ்ஸில் வருவேன். வடநாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம் என்பதால், அவர்களோடு பேசிப் பேசியே இந்தி கற்றுக்கொண்டேன். அறைச் சாவி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, வெந்நீர் வருமா என்று. அடுத்தது, நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று.

வெந்நீர் விஷயத்தில் உண்மையைச் சொல்வேன். சாப்பாட்டு விஷயத்தில், சேர்ந்த அன்று மேனேஜர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வேன். தெருமுனையில் எங்கள் முதலாளியின் மச்சினர் ஒரு சைவ ஓட்டல் நடத்துகிறார். "யாரு கேட்டாலும் அங்கனயே அனுப்பிரும்மா. வெங்காயம், பூண்டு இல்லாமக் கேட்டா, அதுவும் இருக்குன்னு சொல்லிரு" என்றார் மேனேஜர். இரண்டு வருடம் அப்படியே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஆவணி மாதம், நாசிக் பக்கத்திலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். இறந்துபோன மகனுக்குத் திதி கொடுக்க வந்தவர்கள். கடலில் குளித்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, காரியத்தை முடித்துவிட்டுக் களைத்து வந்தார்கள். அன்றைக்கு வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். வழக்கம்போலத் தெருமுனையைக் கைகாட்டினேன்.

அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். சாம்பாரில் வெங்காயம் கிடந்திருக்கிறது. கேட்டதற்கு, ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று பரிமாறியவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் கோபத்தில் சத்தம் போட்டார். அந்த அம்மா சத்தம் போடவில்லை. சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "நீ அங்கே சாப்பிட்டிருக்கிறாயா, மகளே?" என்று கேட்டார்.

நான் அங்கே ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அங்கே என்ன, அந்த ஊரில் எந்தக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வீட்டிலிருந்து உம்மா கட்டித் தரும் சோறுதான் தினமும். "இல்லை" என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அறைக் கதவைத் தட்டினேன். மகனுக்குத் திதி கொடுத்த நாளில் அவர்கள் சாப்பிட்டது அந்தப் பழம்தான். வாங்கிக்கொண்டபோதும் அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

நான் சாப்பிட்டுப் பார்க்காத கடைக்கு இனி ஒருவரையும் அனுப்புவதில்லை என்று அன்று பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்தேன். மறுநாள் உம்மாவிடம் சோறு கட்ட வேண்டாம் என்றேன். "ஏன், என் கைச்சோறு பிடிக்கலையா?" என்று கேட்டது. நடந்ததைச் சொன்னேன். "சரி, போ. போனா அடுப்படியைப் பாரு. எலையைப் பாத்து ஏமாந்துறாத" என்றது.

மத்தியான இடைவேளையில் ஒரு நாளைக்கு ஒரு கடை என்று கிளம்பினேன். முக்காடு போட்ட பெண் தனியாக வந்து நின்றால் எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான்.

"பார்சலாக்கா?"

"இல்ல, உக்காந்து சாப்பிடணும்."

சில இடங்களில் ஃபேமிலி ரூமுக்குப் போகச் சொன்னார்கள். நான் ஃபேன் ஓடுகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். வெங்காயம் போடாத குழம்புக்குத் தனிப் பாத்திரம் உண்டா, தனிக் கரண்டி உண்டா என்று கேட்டேன். சமையலறையைக் காட்டச் சொன்னேன். ஒரு கடையில், "நீங்க என்ன, ஆபீஸரா?" என்று விரட்டிவிட்டார்கள். மறுநாள் திரும்பப் போனேன். மூன்றாவது நாள் காட்டினார்கள். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பிட முடியாது. அந்த மாதம் முழுக்கச் சமையலறைகளை மட்டும் பார்த்துவிட்டு, நாக்கை அடக்கிக்கொண்டு திரும்பினேன்.

அப்படித்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு குஜராத்தித் தம்பதி வீட்டிலேயே ரொட்டி சுட்டுப் போடுவது தெரிந்தது. எட்டுப் பேர்தான் உட்காரலாம். ஆனால் ரொட்டி தோசைக்கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். தனுஷ்கோடி சாலையில் கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு அக்கா பொரிக்கும் ஊளி மீனுக்கு மசாலா குறைவு, மீன் அன்றைக்குப் பிடித்தது. விடுமுறை நாளில் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்த ஒரு கடையில் காலையில் மட்டும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுக் காரங்காடு வரை போனேன். அங்கே படகில் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குப் பெண்கள் சேர்ந்து நண்டு சமைக்கிறார்கள். முன்கூட்டியே போனில் சொன்னால்தான் கிடைக்கும். பார் எங்கே இருக்கிறது என்று கேட்கிற ஆண்களிடம் மட்டும், "அது நான் போய்ப் பாக்காத எடம். தெரியாது" என்று சொல்லிவிடுவேன்.

பதினாறு கடைகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். தெருமுனை ஓட்டல் அதில் இல்லை. ஒரு வாரத்தில் முதலாளி வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டும்மா இதை வச்ச?"

"யாரையும் கேக்கல மொதலாளி. நானே சாப்பிட்டுப் பாத்து எழுதினேன்."

"எம் மச்சினன் கடை எங்க?"

பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் அடுத்து எங்கே என்று தெரியாது. ஆனாலும் சொன்னேன்: "வாங்க மொதலாளி, இப்பவே போய்ச் சாப்பிடுவோம். வெங்காயம் இல்லாம வேணும்னு கேளுங்க. சரியா இருந்தா அந்தக் கடைப் பேரை முதல்ல எழுதுறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார். ஓட்டலில் மச்சினர் இல்லை. புதிதாகச் சேர்ந்த பரிமாறுகிறவருக்கு முதலாளியை அடையாளம் தெரியவில்லை. "வெங்காயம், பூண்டு இல்லாமச் சாப்பாடு இருக்கா?" என்று முதலாளியே கேட்டார். "இருக்கு சார்" என்றார் அவர். எல்லோருக்கும் ஊற்றுகிற வாளியிலிருந்துதான் எங்களுக்கும் ஊற்றினார். முதலாளி சோற்றைப் பிசைந்தார். இரண்டு விரலால் ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். இன்னொன்றையும் வைத்தார். சாப்பிட்டு முடித்து எழுந்தார்.

வெளியே வந்து, "சரி, அந்தப் பட்டியல் இருந்துட்டுப் போகட்டும். கடைசியிலயாவது அவன் கடையை எழுதிரு" என்றார்.

"தனிப் பாத்திரம் வைக்கச் சொல்லுங்க மொதலாளி. வச்சா எழுதுறேன்."

வேலையை விட்டு நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தவில்லை. மச்சினரிடம் என்ன பேசினார் என்பதும் தெரியாது. நாலு மாதம் அந்த மச்சினர் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு ஒரு நாள் அவர் கடைச் சமையல்காரரே மேசைக்கு வந்து, "தனியா அடுப்பு போட்டாச்சு. வந்து பாருங்க" என்றார். வாரேன் என்று சொன்னேன், ஆனால் சொன்ன நாளில் போகவில்லை. வெவ்வேறு வாரங்களில், சொல்லாமல், மூன்று முறை போனேன். மூன்று முறையும் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. குழம்பும் நன்றாக இருந்தது. பதினேழாவதாக எழுதினேன்.

போன வாரம் ஜெய்ப்பூரிலிருந்து வந்த ஒருவர் என் முக்காட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சுத்த சைவம், பூண்டு இல்லாதது, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நாலு கடை இருக்கு. நாலு அடுப்படியையும் பாத்திருக்கேன்" என்று இந்தியில் சொல்லி, மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து பட்டியலை எடுத்து அவர் பக்கம் திருப்பிவைத்தேன். அவர் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.