ஆவணிக்கு முன்னால் ஒரு கையெழுத்து

ஐம்பத்தெட்டு வயதில் புனிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, ஈப்போவின் குனோங் ராபாட்டில் அவள் வீட்டு வரிசையில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியம் முழுவதையும் அவள் அக்கா ராக்காயியே எடுத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டு வாசல்ல இதுவரைக்கும் ஒரு ஆம்பள செருப்பு கெடந்ததில்ல. இப்ப ரேக்குல எந்தத் தட்டுடி மாப்ளைக்கு?"

"அடித்தட்டு."

"அங்க என் குடை இருக்கு."

அத்துடன் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் குடை எங்கே இருக்க வேண்டும் என்பதை ராக்காயிதான் முடிவு செய்வாள்.

இருவரும் செமோர் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது ராக்காயி பதினாறு வயதில் ரப்பர் பால்மரம் சீவப் போனாள், தங்கை பள்ளி முடியும் ஐந்தாம் படிவம் வரை படிக்கட்டும் என்று. தோட்டம் கைமாறி மரங்களை வெட்டிச் சாய்த்த வருடம், சகோதரிகள் இந்த மாடியில்லாத வரிசை வீட்டை வாங்கினார்கள். புனிதா அப்போது ஈப்போவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் இருந்தாள். அவளிடம் சம்பளச் சீட்டு இருந்தது. பள்ளி கேன்டீனில் சமைத்த ராக்காயிக்குக் கூலி கையில் வந்தது, சீட்டு வரவில்லை. பேங்க் சீட்டைத்தான் பார்த்தது. ஆகவே கிராண்ட் என்ற வீட்டுப் பத்திரத்தில் புனிதாவின் பெயர் மட்டும் ஏறியது. மாதத் தவணையில் பாதி ராக்காயியின் கூலி என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. எழுத்தின்படி வீடு தங்கையுடையது. மற்ற எல்லா விதத்திலும் அக்காவுடையது.

மாப்பிள்ளை கனகராஜைப் புனிதா சந்தித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர் ஒன்றுகூடலில். அவளுக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடம். கோகிலன் என்று ஒரு மகன், ஜொகூரில். சாப்பாடு முடிந்ததும் மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மேசை விரிப்புகளை மூலைக்கு மூலை பிடித்து மடித்து அடுக்கினார். இருபத்தொன்பது வருடம் விரிப்புகளோடு வாழ்ந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது. காதலுக்கு இதைவிட மோசமான காரணங்கள் உண்டு.

ஆனால் நிச்சயமான நாளிலிருந்து அவளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சாந்தினி வழக்கறிஞர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: பிள்ளை இல்லாத, பெற்றோரும் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், சொத்து முழுவதும் புருஷனுக்குப் போகும். அக்காவுக்கு ஒன்றுமில்லை.

கனகராஜ் ராக்காயியை வெளியே அனுப்ப மாட்டார். அதில் புனிதாவுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் கோகிலன். கோகிலனை அவள் பார்த்தது இரண்டே முறை. நம்பிக்கை இல்லாமல் கல்யாணம் செய்யலாமா என்பது ஒரு கேள்வி. நம்பிக்கை இருக்கிறது என்பதற்காகக் கதவைப் பூட்டாமல் தூங்கலாமா என்பது இன்னொரு கேள்வி. புனிதா கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்தும் பார்க்கிறவள்.

"உயில் எழுதணும்மா, வீட்ட அக்கா பேருக்கு" என்றாள் சாந்தினியிடம்.

"கல்யாணம் எப்போ ஆன்ட்டி?"

"ஆவணியில."

"அப்ப முடிஞ்ச ஒடனே வாங்க. இப்ப எழுதினா, கல்யாணம் ஆனதும் அது செல்லாமப் போயிடும். திரும்ப எழுதணும், வீண் செலவு."

நியாயமாகப் பட்டது. கனகராஜிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. உங்களைக் கட்டிக்கொள்கிறேன், உங்களிடமிருந்து வீட்டையும் காப்பாற்றிக்கொள்கிறேன் என்பதை எந்தக் குரலில் சொல்வது?

ஏப்ரலில் திருமணப் பதிவு நடந்தது. நம்மவர்களுக்கு அது கல்யாணம் அல்ல; அலுவலக வேலை. கையெழுத்துப் போட்டார்கள், வெளியே வந்து கடையில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், அவர் ரயிலேறி தஞ்சோங் மாலிமுக்குப் போனார், இவள் வீட்டுக்கு வந்தாள். ஆனியில் கோவில் மண்டபம் கிடைக்கவில்லை, ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை. ஆகவே ஆவணி.

"ரோட் டேக்ஸ் எடுத்தாச்சு, காடிதான் இன்னும் வரலலா" என்று ராக்காயி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தாலி ஏறும்வரை மாப்பிள்ளை வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பதும் அவள் சட்டம். கனகராஜ் ஈப்போ வரும்போதெல்லாம் கார் நிறுத்தும் இடத்தில், மோட்டார் சைக்கிளுக்கும் துளசித் தொட்டிக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். மழை பெய்தால் நாற்காலியை இரண்டடி உள்ளே இழுத்துக்கொள்ள அனுமதி உண்டு.

ஆடியில் புனிதாவுக்கு வயிற்றைப் பிடித்து வலித்தது. பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் காலை ஆஸ்பத்திரியில் சேர அவளோடு கனகராஜும் வந்தார். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள், திருமணம் ஆகிவிட்டதா என்று.

"பெலும்" என்றாள் புனிதா, இன்னும் இல்லை.

"சுடா" என்றார் கனகராஜ் அதே மூச்சில், ஆகிவிட்டது.

பேனா அந்தரத்தில் நின்றது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். கனகராஜ் சட்டைப் பையிலிருந்து பதிவுச் சான்றிதழின் நகலை எடுத்து, அழகாக நாலாக மடித்திருந்ததைப் பிரித்து வைத்தார். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, கணவர் என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினாள்.

"தாலி இன்னும் கட்டலயே" என்றாள் புனிதா, பெஞ்சில் வந்து உட்கார்ந்தபின்.

"தாலி சாமிக்கு. கவர்மெண்டுக்கு நீ ஏப்ரல் மாசமே என் பொண்டாட்டிலா."

அப்போதுதான் புனிதாவுக்கு உறைத்தது. கல்யாணம் எப்போது என்று சாந்தினி கேட்டாள். ஆவணி என்று இவள் சொன்னாள். சட்டத்துக்கு ஆவணி தெரியாது. நாலு மாதமாக, உயிலும் இல்லாமல், இவள் ஒருவரின் மனைவியாகச் சந்தைக்குப் போய் வந்திருக்கிறாள், சாலை கடந்திருக்கிறாள். நாளைக்கு மயக்க மருந்து. எழுந்திருக்கவில்லை என்றால், ராக்காயியின் குடைக்குக்கூட அந்த வீட்டில் உரிமையில்லை.

"என்ன, வலிக்குதா?"

"வலிக்கல" என்றவள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தவணை, கூலி, சாந்தினி, உயில், கோகிலன்மேல் தனக்கிருந்த பயம்கூட. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் கைகழுவும் முறையை விளக்கும் படத்தைப் பார்த்தாள்.

கனகராஜ் சான்றிதழ் நகலை மறுபடி நாலாக மடித்தார்.

"இத்தன மாசம் இத வயித்துல வச்சிருந்தா, கல்லு வராம என்ன செய்யும்?" என்றார்.

அவள் சிரிக்கத் துணிவதற்குள் அவரே தொடர்ந்தார். "நானும் ஒண்ணு சொல்லல. மே மாசமே உயில் எழுதிட்டேன். தஞ்சோங் மாலிம் வீடு கோகிலனுக்கு. அவுங்கம்மா நகையெல்லாம் வச்சு வாங்கின வீடு அது. ஒனக்கு ஒரு செங்கல்கூட இல்ல. எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு."

"ஒரு செங்கல்கூடவா?" என்றாள் புனிதா. தான் செய்ய நினைத்ததையே அவர் செய்திருக்கிறார் என்பது புரிந்த பிறகும், கொஞ்சம் கோபம் வரத்தான் செய்தது. மனம் தனக்கு ஒரு தராசும் அடுத்தவருக்கு ஒரு தராசும் வைத்திருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது அதைச் சரிசெய்துவிடுவதில்லை.

"மொதல்ல அந்த லாயர் புள்ளைக்குப் போன் அடி" என்றார் அவர்.

பார்வையாளர் நேரத்தில் சாந்தினி தட்டச்சு செய்த இரண்டு பக்கங்களோடு வார்டுக்கு வந்தாள். பின்னாலேயே ராக்காயி, கஞ்சிப் பாத்திரத்தோடு. விஷயத்தைக் கேட்டதும் பாத்திரத்தைக் கட்டிலில் வைத்தாள்.

"எனக்கு என்னடி உயிலு, நீ சாவாம வந்தாப் போதும்."

"சாவ மாட்டேன். சும்மா எழுதி வைக்கிறேன்."

"சும்மா எழுதுறதுக்கு லாயரா?" என்றவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க கையெழுத்து? நான் போடுறேன்" என்றாள்.

"நீங்க போடக்கூடாது பெரியம்மா. ரெண்டு சாட்சி வேணும், ஆனா உயில்ல யாருக்குப் போகுதோ அவுங்க சாட்சி போட முடியாது. போட்டா அவுங்களுக்குக் கெடைக்காது. நான் ஒண்ணு. நர்ஸ் யாரையாவது கேட்டுப் பாக்குறேன்."

கனகராஜ் நிமிர்ந்தார். "சாட்சி போட்டவருக்கு ஒண்ணும் கெடைக்காதா?"

"இந்த உயில்ல ஒங்களுக்குன்னு எதாவது எழுதியிருந்தாக்கூட வராது அங்கிள்."

"அப்ப பேனாவக் குடும்மா."

புனிதா முதலில் கையெழுத்திட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏப்ரலில் போட்டதைவிட நிதானமாக, தன் முழுப் பெயரையும் எழுதினார். பிறகு காகிதத்தை ஓரத்துக்கு ஓரம் சரிபார்த்துச் சாந்தினியிடம் நீட்டினார்.

ராக்காயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டு அவளுக்கு எளிதில் வராது. கஞ்சியை ஊற்றி முதல் கோப்பையை நோயாளிக்குத் தராமல் அவரிடம் கொடுத்தாள்.

ஆறாம் நாள் புனிதா வீடு திரும்பினாள். கனகராஜ் அவள் பையை வாசலில் வைத்துவிட்டு, வழக்கம்போல் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடினார். அது அங்கே இல்லை. ஹாலில், காற்றாடிக்குக் கீழே கிடந்தது. செருப்பு ரேக்கின் அடித்தட்டு காலியாக இருந்தது.

"ஹால் வரைக்குந்தான்" என்றாள் ராக்காயி உள்ளிருந்து. "அதுக்கு மேல ஆவணியில பாப்போம்."