முந்திக்கொண்ட விசில்

சட்டைக் கம்பெனியில் தரம் பார்ப்பது அவளுடைய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபால் நடுவர். அந்த வட்டாரத்தில் பெண் நடுவர் என்று பார்த்தால் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் ‘விசில் அக்கா’. “வீட்டுக்குள்ள வரும்போது அந்த விசில வாசல்லயே கழட்டி வெச்சிடு தாயே” என்று கணவன் கிண்டலடிப்பான்.

அதே வீட்டில்தான் அவளுடைய ஓரகத்தியும் இருந்தாள். கணவனுடைய தம்பியின் மனைவி. நூற்பாலைப் பெண்கள் அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். இருவருக்கும் ஒரே அடுப்பு. வலையைத் தொட்டது தப்பா, தொடாதது தப்பா என்று வாக்குவாதம் தொடங்கிவிட்டால் அடுப்பில் இருப்பது அடிப்பிடித்துப் போகும். அக்கா தங்கை கூட அப்படி ஒட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டு ஆலை முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். கோப்பை வந்தால் அணி இருக்கும். வராவிட்டால் அணியும் கிடையாது, பயிற்சியாளரும் கிடையாது. ஆலை அணி இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் விசில் அக்கா போட்டிச் செயலாளரிடம் ஓடினாள்.

“சார், அது என் ஓரகத்தி டீம். நான் ஊதினா நல்லா இருக்காது. வேற யாரையாவது போடுங்க.”

“வேற ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்? ஊத வர வேண்டியவர் காய்ச்சல்ல படுத்துட்டாரு. ரெண்டு டீமும் நீங்கன்னா சரிங்குறாங்க. நடுவர் ஏணில ஏறுங்க.”

ஏறினாள்.

மற்ற ஆட்டக்காரிகளுக்கு ஆலையில் விடுப்பு தரவில்லை. அணிக்கு வந்து சேர்ந்தது ஆறே பேர். ஒருத்தி விழுந்தால் இறக்குவதற்குப் பெஞ்சில் ஆள் இல்லை. அந்த ஆறு பேரும் உயிரைக் கொடுத்து ஆடி, துறைமுக அணியை ஐந்தாவது செட் வரைக்கும் இழுத்து வந்தார்கள். ஆலை பதின்மூன்று, துறைமுகம் பதினொன்று. பதினைந்தைத் தொட இன்னும் இரண்டே புள்ளி.

ஆலை அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளை ‘சிட்டு’ என்று கூப்பிடுவார்கள். எகிறித் தூக்கிக் கொடுத்தவள், இறங்கும்போது தோழியின் பாதத்தின் மேல் இறங்கினாள். கணுக்கால் மடங்கிய விதத்தை மேலே நின்ற நடுவர் பார்த்தாள். அலறலையும் கேட்டாள். அதற்குள் பந்து அடிக்கப்பட்டு, எதிரணியின் காலி மூலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். விசில் ஒலித்துவிட்டது. அதன் பிறகுதான் பந்து தரையில் விழுந்தது.

பலத்த அடி என்றால் ஆட்டத்தை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். அதுதான் விதி. புள்ளிப் பலகை பதின்மூன்றிலேயே நின்றது.

ஆலைப் பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஓரகத்தி ஓடி வந்து ஏணிக்குக் கீழே நின்றாள். “மேடம், அது எங்க பாயின்ட்டு மேடம்!” வீட்டில் அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள்.

“விசிலுக்கு அப்புறம் விழுந்த பந்து. திரும்ப ஆடணும்.” சொல்லும்போது தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

மாற்று ஆள் இல்லாத அணிக்கு மூன்று நிமிடம் தரலாம். அதற்குள் அடிபட்டவள் தேறாவிட்டால் அணி முழுமையாக இல்லை என்று அறிவித்து, ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். முதலுதவிக்காரர் ஐஸ் வைத்தார். “வீங்குதும்மா. எலும்பா சுளுக்கான்னு படம் எடுத்தாத்தான் தெரியும்” என்று கையை விரித்தார்.

விசில் அக்கா மனசுக்குள் விதிகளைத் தலைகீழாகப் புரட்டினாள். எங்காவது ஒரு சந்து கிடைக்காதா? யாரையாவது உள்ளே விட முடியாதா? ஒன்றும் அகப்படவில்லை. கடிகாரம் மட்டும் ஓடியது.

“நின்னா போதும்ல மேடம்?” ஓரகத்தியின் குரல் உடைந்திருந்தது. “ஓடணும், எகிறணும்னு எந்த ரூல்ல இருக்கு? ஒரு ஓரமா நிக்கட்டும். மத்தவங்க பாத்துப்பாங்க.”

அவள் சொன்னதிலும் தப்பில்லை. எப்படி நிற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தேறினாளா இல்லையா என்று முடிவு செய்வது நடுவரின் தலையில்தான்.

ஏணியிலிருந்து இறங்கினாள். “உன் இடத்துக்கு நடந்து போம்மா, பாக்கலாம்.”

சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காலை ஊன்றினாள். முகம் வெளிறிப் போயிற்று. அடுத்த அடியில் சரிந்து ஓரகத்தியின் தோளைப் பிடித்தாள். “நிப்பேன் மேடம்... சத்தியமா நிப்பேன். ரெண்டு பாயின்ட்டுதானே.”

“அக்கா...” என்றாள் ஓரகத்தி. எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் பொழப்புக்கா.”

விசில் அக்கா கையை உருவிக்கொண்டாள். ஏறினாள். எதிரணிப் பக்கம் கையை நீட்டினாள். துறைமுக அணிகூடத் துள்ளிக் குதிக்கவில்லை.

மறுநாள் படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறிவும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் சுளுக்கு. அந்த வாரக் கடைசியிலேயே சிட்டு ஆலையில் நூற்பு எந்திரத்தைச் சுற்றி நடந்தாளாம். அணியைக் கலைத்தார்கள். ஓரகத்தியை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

“நீ ஒரு மூச்சு விட்டுட்டு ஊதியிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று கணவன் கேட்டான். அவள் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கம்பெனியில் நல்ல சட்டையைக் கழித்துக் கட்டி, கிழிந்ததைத் தேறியதாக அனுப்பி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

முகம் கொடுத்துப் பேசாமலிருந்த ஓரகத்தி ஒரு நாள் அடுப்படியில், திரும்பாமலே கேட்டாள்: “ஊதும்போது பந்து எங்க போகுதுன்னு பாத்தீங்களா?”

சிட்டு விழுந்ததைத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா ஊதினீங்க?”

“அவ காலு அப்படி மடங்குச்சு. என்னால...”

ஓரகத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நாளில் கொழுந்தன் தனி வீடு பார்த்துக்கொண்டு போனான். பாத்திரங்களைப் பிரித்தபோது ஓரகத்தி சண்டை போடவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

அடுத்த போட்டிக்குச் செயலாளர் போன் செய்தார். “நீங்க செஞ்சது சரிதாம்மா. ரூல் அதான்.”

“தெரியலை சார்” என்றாள். “எனக்கு நெஜமாவே தெரியலை.”

சத்தமில்லாத சமையலறையில் போனைக் காதில் வைத்தபடியே அடுப்பைப் பற்றவைத்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.