பதினோராயிரம் பூட்டுப் படங்கள்

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வியாதி உண்டு. மனிதர் தன்னையே நம்பமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒரு படம் எடுப்பார். கேஸ் அடுப்பின் குமிழைத் திருகி மூடினால் அதற்கொரு படம். இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினால் அது தரையில் கிடக்கும் கோலத்துக்கு இன்னொன்று. பாதி வழியில் ‘பூட்டினோமா, இல்லையா?’ என்று மனசு அரிக்கும். உடனே போனை எடுத்துப் பார்ப்பார். பூட்டு பூட்டியபடி தொங்கும். முகம் தெளிந்து நடையைக் கட்டுவார். எந்த மகாராணிக்கும் அவள் ஆயுளில் அத்தனை படங்கள் எடுத்திருக்க மாட்டார்கள். ஒரு பூட்டு, ஒரு குமிழ், ஒரு பிளக், கணக்கில் பதினோராயிரம் படங்கள். எல்லாவற்றிலும் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.

பன்னிரண்டு மாடிக்காரர்கள் நாங்கள் அவரைப் ‘போட்டோக்காரர்’ என்றே கூப்பிட்டோம். அவர் போன் பழசு, கொள்ளாது. அதனால் மாதச் சந்தா கட்டி, படங்களையெல்லாம் கிளவுடில் ஏற்றி வைத்திருந்தார். “ஊரான் நகைக்கு லாக்கர் வைப்பான். நீங்க பூட்டுக்கே லாக்கர் வெச்சிருக்கீங்க” என்பாள் அவர் மனைவி. கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை அவளுக்கு. வாய் கொஞ்சம் நீளம், புத்தி அதைவிட நீளம்.

வேலையிலும் இதே கதைதான். லிஃப்டைத் தூக்கும் இரும்புக்கயிறு நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. தேய்ந்தால் ஒவ்வொரு கம்பியாக அறுந்து முடிபோல வெளியே நீட்டும். மொட்டைமாடி மோட்டார் அறையில் கயிற்றைத் துணியால் சுற்றிப் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, துணி எங்கே சிக்குகிறது என்று பார்ப்பார். இடது பக்க லிஃப்டின் கயிற்றில் துணி நாலு இடத்தில் சிக்கியது. ‘கயிறு மாற்ற வேண்டும்’ என்று சீட்டு எழுதிக் கட்டட மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் கையெழுத்தும் தேதியும் போட்டுச் சீட்டை மேஜை இழுப்பறையில் தள்ளப் போனார்.

“ஒரு நிமிஷம் சார்” என்று சீட்டை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார் நம்மவர்.

“எதுக்கய்யா?”

“பழக்கம் சார்.”

அடுத்த மாதம் துணி ஒன்பது இடத்தில் சிக்கியது. மறு மாதம் பதினேழு. மூன்று சீட்டு, மூன்று கையெழுத்து, மூன்று படம். கயிறு மட்டும் மாறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்த லிஃப்ட் எட்டாவது மாடிக்கும் ஏழுக்கும் நடுவே பிடி நழுவி, ஒரு மாடி உயரம் சரிந்து பிரேக்கில் தொங்கியது. உள்ளே ஏழாம் மாடி டியூஷன் டீச்சர். கணுக்கால் எலும்பு இரண்டாகிவிட்டது. அவர் போட்ட சத்தம் பத்தாவது மாடியில் இருந்த எனக்கே கேட்டது. அடுத்த வியாழக்கிழமை அரசாங்க இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவதாகச் சொன்னார்கள். பராமரிப்பு ரெஜிஸ்டரில் இருப்பது மெக்கானிக்கின் கையெழுத்து மட்டும். சீட்டு ஒன்றுகூட இல்லையென்றால் ஜெயிலுக்குப் போகப்போவது யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இத்தனை வருஷமாக “ஏய்யா” என்றவர் அன்றைக்கு, “வாங்கண்ணே, உக்காருங்க” என்றார். உட்கார நாற்காலி, குடிக்க ஜூஸ். மேஜைமேல் பிரிக்காத புதுப் போன் பெட்டி ஒன்று.

“அண்ணி சௌக்கியமா? கிளினிக்லேர்ந்து ஆறு மணிக்குத்தானே இறங்குறாங்க? அந்தப் பாலத்துக்குக் கீழ விளக்கே எரியறதில்லையே, பார்த்து வரச் சொல்லுங்க.”

“சொல்றேன் சார்.” நம்மவர் அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டார்.

“இது உங்களுக்குத்தான். இடம் ஏகப்பட்டது இருக்கு. இனிமே எதுக்கு மாசாமாசம் சந்தா கட்டி அழறீங்க? நிறுத்திடுவோம். போன்ல எழுத்துப் பொடிசா இருக்கும், இந்தக் கம்ப்யூட்டர்லயே போடுங்க.”

மெக்கானிக் ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோலத் தட்டித் தட்டிப் பாஸ்வேர்டை அடித்தார். ‘இந்தக் கணினியில் நினைவில் வைக்கட்டுமா?’ என்று கேட்டது. மேனேஜர் எட்டி ‘சரி’யை அழுத்தினார். சந்தாவை நிறுத்தும் பக்கம் லேசில் விடவில்லை. உண்மையாகவே போகிறீர்களா என்றது. ஏன் போகிறீர்கள் என்றது. பாதி விலைக்குத் தருகிறேன், இருங்கள் என்றது. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பும் சம்பந்தியைப் பிடித்து இழுப்பதுபோல ஐந்து முறை கெஞ்சிவிட்டுக் கடைசியில், ‘உங்கள் படங்கள் இன்னும் ஒன்பது நாள் இருக்கும். அதற்குப் பிறகு இலவச அளவுக்கு மேற்பட்டவை நீக்கப்படும்’ என்றது.

மேனேஜரின் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. “ஒன்பது நாளா?”

“பரவால்லயே சார், நிறைய டைம் குடுக்கிறாங்க” என்றார் மெக்கானிக்.

“ஆமாண்ணே. நிறையத்தான் குடுக்கிறாங்க.”

புதன்கிழமை மத்தியானம் மோட்டார் அறையில் இருந்தபோது கேஸ் குமிழ் நினைவு வந்து அரித்தது. போனைத் திறந்தார். காலையில் எடுத்த படம் இல்லை. பூட்டும் இல்லை, பிளக்கும் இல்லை. அடுப்பை மூடவே இல்லைபோல என்று பதறி, படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கி வீட்டுக்கு ஓடினார். அன்று கிளினிக் அரை நாள். மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு சமர்த்தாக மூடிக் கிடந்தது.

“அப்போ படம் எங்கே?” என்றார்.

இருவருமாகத் தேடினார்கள். நேற்றைய பூட்டு இல்லை. போன வாரத்துப் பூட்டுகள் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன மாதத்துப் பூட்டு ஒன்று மறைந்தது. பிறகு அதற்கு முந்தின நாளுடையது. பிறகு அதற்கும் முந்தினது. யாரோ அவசரமில்லாமல், ஒவ்வொரு பூட்டாகத் திறந்துகொண்டு உள்ளே வந்துகொண்டிருப்பதுபோல இருந்தது.

மனைவி மடித்த துணியைக் கீழே போட்டாள். “பாஸ்வேர்டை யார்கிட்டச் சொன்னீங்க?”

“யார்கிட்டயும் சொல்லலை. நானேதான் அடிச்சேன்.”

“எங்க அடிச்சீங்க?”

“மேனேஜர் கம்ப்யூட்டர்ல.”

அவள் நெற்றியில் அடித்துக்கொள்ளக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. “ஏங்க, அவன் பூட்டையா அழிக்கிறான்? சீட்டுப் படத்தைத் தேடிக்கிட்டு வர்றான். எது எங்க இருக்குன்னு தெரியாம வழியில இருக்கிறதை எல்லாம் வாரிக்கிட்டு வர்றான். மாத்துங்க பாஸ்வேர்டை!”

பழைய பாஸ்வேர்டைக் கேட்டது. அவசரத்தில் முதல் தடவை தப்பு. அதற்குள் எட்டுப் பூட்டு போயிற்று. இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாம் சீட்டு எப்போதோ போயிருந்தது. இரண்டாவது சீட்டு கண்ணெதிரே போயிற்று. அவள் போனைப் பிடுங்கி, அவரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, புதிதாக ஒன்றை அடித்து, மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறு என்று அழுத்தினாள்.

பூட்டுகள் நின்றன.

அழித்தவை போய் விழும் குப்பைத் தொட்டியைப் பார்த்தார்கள். அழித்த கையோடு அதையும் துடைத்துக் கவிழ்த்திருந்தது. மிச்சமிருந்த பூட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு சீட்டு இருந்தது. முதல் சீட்டு. மேனேஜரின் கையெழுத்து, தேதி, ஓரத்தில் கட்டைவிரல். இருவரும் மூச்சுவிட்ட அதே நேரத்தில் போன் அடித்தது.

“என்னண்ணே, பாஸ்வேர்டு மாத்திட்டீங்கபோல?”

பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்தால் இந்தக் கதையே இல்லை. “ஆமா சார். முதல் சீட்டு மட்டும் தப்பிச்சுது.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

“வீட்டுலதானே இருக்கீங்க? அண்ணியும் இருக்காங்களா? நல்லது. இதோ வர்றேன்.”

மெக்கானிக் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டார். தாழைப் படம் எடுக்க அவர் கை போகவில்லை. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று பின்னால் அவள் என்னிடம் சொன்னாள். அவளோ சீட்டைத் திறந்து வைத்து, யாருக்கு அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு அனுப்பலாமென்றால், அவர் யார் பக்கத்து ஆளோ? தம்பிக்கு அனுப்பலாமென்றால், அவனையும் ஒருவன் மேனேஜர் சொல்லிவிட்ட அந்தப் பாலத்துக்குக் கீழே பார்த்துப் பேசலாம். ஒருவருக்கு அனுப்பினால் அந்த ஒருவரை மடக்கிவிட முடியும். எங்கள் கட்டடத்தார் லிஃப்ட் புகார் சொல்வதற்கென்று வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் மெக்கானிக்கும் இருந்தார். தொண்ணூற்றிரண்டு பேர். அதில் போட்டாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘டீச்சர் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்த சீட்டு.’

வாசலில் கார் கதவு இரண்டு முறை சாத்தப்பட்டது.

அவளே போய்த் தாழை எடுத்தாள். மேனேஜர் உள்ளே வந்தார். கூட வந்த தடியன் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

“போனைக் குடுங்கண்ணே. ஒரு படம்தானே, நானே எடுத்துடறேன்.”

மெக்கானிக் போனை நீட்டினார். மேனேஜர் வாங்கிய அந்த நொடியில் அவருடைய சட்டைப்பையில் ஒரு முறை அதிர்ந்தது. பிறகு இன்னொரு முறை. பிறகு நிறுத்தாமல், பிடித்துப் போட்ட வண்டுபோல, பை உறுமத் தொடங்கியது. அந்தக் குழுவைத் தொடங்கியவரே அவர்தான். கையில் இருந்த போனையே பார்த்தபடி நின்றார். தன் பைக்குள் கைவிடவில்லை.

“எடுத்துப் பாருங்க சார்” என்றார் மெக்கானிக், மரியாதையாகவே. “டீச்சர் ஏதோ கேக்கிறாங்க.”