பதினான்கு புள்ளிகளில் பேச்சியம்மாள் டீச்சர்

பதினைந்து நாளைக்கு முன்னால், சென்னையில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குத் தென்காசியிலிருந்து டிரங்க் கால் வந்தது. பேச்சியம்மாள் டீச்சரின் தம்பி பேசினார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டா. மஞ்சக்காமாலை. பத்தே நாளுதான்." டீச்சருக்கு நான் எழுதத் தொடங்கிய கடிதம் மேசையில் கிடந்தது. 'இந்த லீவுக்கும் முடியவில்லை, மன்னிக்கவும்' என்பதுதான் அதன் முதல் வரி.

அவர் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பி, குட்டையாகிவிட்டது. ஒவ்வோர் எட்டுக்கும் வலது கையால் முழங்காலை அழுத்திக்கொண்டுதான் நடப்பார். அந்தக் காலோடு இலஞ்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். மணியடித்த பிறகு அவர் வகுப்புக்குள் நுழைந்ததை யாரும் பார்த்ததில்லை.

என் ஆராய்ச்சி இதுதான்: ஒரு படத்தைக் கொடுத்தால், அதிலிருக்கும் மனிதர் கையை எங்கே வைத்திருக்கிறார், காலை எப்படி மடக்கியிருக்கிறார் என்று கணினி தானாகச் சொல்ல வேண்டும். அது சொல்வது சரியா என்று ஒப்பிட, மனிதக் கண் பார்த்து வைத்த புள்ளிகள் வேண்டும். குற்றாலச் சீசனில் அருவிக்கரையில் நடப்பவர், குளிப்பவர், எண்ணெய் தேய்ப்பவர் எல்லாரையும் சின்ன சினிமாக் கேமராவில் பிடித்துக்கொண்டு, புள்ளி வைக்க ஆள் தேடி அந்தப் பள்ளிக்குப் போனேன். உச்சி, கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஓர் ஆளுக்குப் பதினான்கு. "சலிச்சுப் போகும் டீச்சர்" என்றேன். "கோலத்துக்கு வைக்கோம், மனுஷனுக்கு வைக்க மாட்டமா?" என்று சிரித்தார்.

சனி ஞாயிறுகளில் பள்ளி ஆய்வுக்கூடத்து ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, புரொஜெக்டரில் ஒவ்வொரு படமாக நிறுத்தி, சுவரில் ஒட்டிய கிராஃப் தாளில் குறிப்பார். ஒரு படத்தில் ஒருவரின் முழங்கையைத் துண்டு மறைத்திருந்தது. "உத்தேசமா வச்சிருங்க" என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "தெரியாததத் தெரிஞ்சதுன்னு வைக்கப்பிடாது அண்ணாச்சி. நாளைக்கு உங்க மிசினும் பொய் சொல்லப் படிச்சிரும்." மறைந்த மூட்டுக்கெல்லாம் கேள்விக்குறிதான் போட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள் அவரே கேட்டார். "என்னையும் ஒருக்கா எடுங்க. என் நடைய உங்க மிசின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்." இலஞ்சிச் சாலையில் நடந்தார், எடுத்தேன். சென்னைக்கு வந்து ஓட்டிப் பார்த்தால், அவருடைய ஒவ்வொரு படத்துக்கும் 'ஆள் இல்லை' என்றே அச்சாகி வந்தது. இரண்டு காலும் ஒரே நீளம் என்று விதி எழுதி வைத்தவன் நான்தானே! மாற்றி எழுத நேரமாகும்; கட்டுரை அனுப்ப அவசரம். அவர் படங்களை எடுத்துப் போட்டுவிட்டு, 'பிழையுள்ள படங்கள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி சேர்த்தேன். படுபாவி, அந்தக் கட்டுரையை அவருக்கே அனுப்பியும் வைத்தேன்.

அடுத்த முறை போனபோது, தாளை விரித்து அந்த வரியில் விரலை வைத்தார். "பிழை படத்துலயா, உங்க கணக்குலயா?"

நான் தாளை மடிக்கப் போனேன்; அவர் விரலை எடுக்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்தவங்கல்லாம் என் காலப் பாத்துட்டு, காப்பியக்கூடக் குடிக்காமப் போனாங்க. அது பழகிட்டு. மிசினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அடுத்த லீவுக்குள்ள மாத்திருதேன் டீச்சர், சத்தியமா" என்றேன். கிளம்பும்போது அவர் கேட்டபடி அந்தப் படச்சுருளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு மூன்று லீவு போயிற்று.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. தம்பி ஒரு கட்டு கிராஃப் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போகதுக்கு முந்தின நாள் வரை எழுதிட்டிருந்தா." அந்த இலஞ்சிச் சாலைப் படங்கள் அத்தனைக்கும் அவரே புள்ளி வைத்திருந்தார். ஓரத்தில் வலது காலுக்கும் இடது காலுக்கும் தனித்தனி நீளம் கணக்கிட்டு, கட்டுரையிலிருந்த என் விதியை எந்த இடத்தில் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும் என்றும் குறித்திருந்தார். என் வேலையையும் அவரே செய்துவிட்டார். கை முழங்காலை மறைத்திருந்த படங்களில் கேள்விக்குறியைத் தேடினேன். ஒன்றில்கூட இல்லை. எல்லாம் அழுத்தமான புள்ளி. முதல் தாளில் மட்டும் அதன் பக்கத்தில் பொடி எழுத்தில், 'இது எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தார். தம்பிக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று அந்தக் கணக்கை அட்டைகளில் துளைத்துக் கணினியில் ஓட்டினேன். ஒரே பகல் வேலைதான் டீச்சர். மூன்று லீவு உங்களைக் காக்க வைத்தது இந்த ஒரு பகலுக்குத்தான்.

நீளத் தாளில் நட்சத்திரக் குறிகளால் ஓர் உருவம் வந்தது. ஒரு கால் குட்டை. கை முழங்காலில். உடம்பு லேசாகச் சாய்ந்து அடுத்த எட்டுக்குத் தயாராக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுத் தொடங்கிய அந்தக் கடிதத்தை இந்தத் தாளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அனுப்ப விலாசம் இல்லை.

போயிட்டு வாங்க, டீச்சர்.