ஏலாவா, ஏலமா?

அருமனைப் பக்கத்தில் எங்கள் ஏலாப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு, பொருளாளராக நானும் உண்டு. வேலை செய்வது ஜெப்சி ஒருத்திதான். ரப்பர் மேட்டுக்குக் கீழே நீண்டு கிடக்கும் வயல்வெளியை நாங்கள் ஏலா என்போம். அதில் யாராவது ஒரு லோடு செம்மண் தட்டினால் ஜெப்சி தையல் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவாள். அதிகாரிக்கு மனு, வயல்காரரோடு சண்டை, மறுநாள் அவர் வீட்டிலேயே சமாதானக் காப்பி. கூட்டம் போட்டால் டீ குடிக்க நாங்கள் போவோம்.

இந்த வருஷம் அவள் தூக்கத்தைக் கெடுத்தது நேசம்மாளின் வயல். கால்வாய்த் தண்ணீர் அதன் வழியாகத்தான் மற்ற வயல்களுக்கு இறங்கும். அதை நிரப்பிவிட்டால் கீழே மொத்தமும் தரிசு. நேசம்மாளின் மகன் ஷிபு மஸ்கட்டில் இருக்கிறான். வயல் ரோட்டோரம் என்பதால் மண் போட்டு அங்கே வீடு வைக்க அவனுக்கு ஆசை. ஜெப்சி நடையாய் நடந்தாள். "அவங்கிட்ட கேட்டுச் சொல்லுகேன் மக்கா" என்பதோடு நேசம்மாள் நிறுத்திக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை ஜெப்சியின் போனுக்கு நேசம்மாளிடமிருந்து செய்தி வந்தது. "வயலை ஏலத்துக்கு விட்டாச்சு."

வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் இருந்த என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை விரட்டினாள். "ஏலத்துல பிளாட் போடுதவந்தான் எடுப்பான்" என்று வழியெல்லாம் பொருமல். அழுகை வந்தால் அதைக் கோபமாக்கிவிடுவது அவள் சுபாவம்.

நேசம்மாள் முழங்கால் சேற்றில் நின்று வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? ஏலத்துல விட எப்பிடி மனசு வந்து?"

"ஏலமா? ஏதுட்டி ஏலம்?"

நான் செய்தியை வாசித்துக் காட்டினேன். நேசம்மாளுக்கு வந்ததே கோபம்!

"எனக்கு எழுத வராதுன்னு அந்த மைக்க அமத்திச் சொன்னேன். ஏலாவுக்கு விட்டாச்சுன்னுல்லா சொன்னேன்! சவத்து போனு!"

போனுக்கு ஏலம் தெரிந்திருக்கிறது, ஏலா தெரியவில்லை.

"வயல் இல்லேன்னா கெணத்துல தண்ணி ஏதுன்னு ஷிபுகிட்ட கேட்டேன். அவன் யோசிச்சான். மேல தென்னை நிக்க விளையில வீடு வைப்போம், வயல் ஏலாவுக்கே கெடக்கட்டும்னு சொல்லிட்டான்."

ஜெப்சி உடுத்த சேலையோடு ஈர வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"எதுக்குட்டி இப்ப கரையுத?"

"சந்தோசம் மாமி."

"செரி, போரும். திங்கக்கெழம நடவு. ஆளு கெடைக்கல்ல. நடாமப் போட்டா வயலு எத்தன வருசத்துக்கு வயலா கெடக்கும்?"

இத்தனை மனு எழுதிய குழுவில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

"வாறோம் மாமி" என்றாள் ஜெப்சி.

அந்த 'வாறோம்' என்பதில் நானும் அடக்கம் என்று, திங்கட்கிழமை இடுப்பு ஒடிய நாற்று நட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.