அந்தம்மா வராத சிம்

பெலிசிமா எதையும் சோதித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டாள். கொசுவத்திச் சுருள் வாங்க வேண்டுமென்றால் மூன்று கம்பெனிச் சுருளையும் வாங்கி வந்து, நாளுக்கு ஒன்றாகக் கொளுத்தி, புருஷன் எஸ்டோங்கைச் சட்டையில்லாமல் அந்த அறையில் படுக்கப் போட்டு, காலையில் அவன் முதுகில் இருக்கும் தடிப்புகளை எண்ணுவாள். "பன்னெண்டு. இது வேணாம்" என்பாள். அந்த மனுஷனும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். லாவிஸ் கரையில் இருக்கும் முப்பது வீட்டிலும் அவள் தேர்ந்தெடுத்த சுருள்தான் எரியும். சோப்பு, அடுப்புத் திரி, படகு எஞ்சினுக்கு ஆயில், எதுவானாலும் "சிமா என்ன சொன்னா?" என்றுதான் கேட்போம். நாங்கள் சோம்பேறிகள். அவள் எங்களுக்கும் சேர்த்து மண்டையை உடைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் தென்சியா, பக்கத்து வீடு, கருவாடு காயப் போடுகிறவள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் அவள் எனக்கு மாரே, நான் அவளுக்கு மாரே. அந்த சிம்மைப் பற்றி இப்போது கரையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவளைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நன்றி கெட்ட ஜனங்கள். அதை வாங்கிப் போடும்போது மட்டும் வரிசையில் நின்றார்களே.

எங்கள் கரையில் போனை யாரும் பேசுவதற்காக வைத்துக்கொள்வதில்லை. பேசினால் காசு. அதோடு கடலில் இருக்கிற ஆம்பளைக்கு இரண்டு கையும் வலையில் இருக்கும். அதனால் எல்லாம் மிஸ்டு கால்தான். ஒரு ரிங் விட்டு வெட்டினால் வியாபாரி வந்திருக்கிறான், மீனுக்கு நல்ல விலை. இரண்டு ரிங் என்றால் வரும்போது கடையில் காடி, அதாவது வினிகர், வாங்கி வா. மூன்று ரிங் என்றால் வானம் சரியில்லை, போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுக் கரைக்கு வா. ஆண்கள் போனை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் கட்டியிருப்பார்கள். மார்பில் அது எத்தனை முறை அதிர்கிறது என்று எண்ணினால் போதும். இங்கே நம் காதில் மூன்று ரிங் போயிற்றா, அங்கே சேதி போய்விட்டது. பதினைந்து வருஷமாக எங்களுக்கு இதுதான் வேதம்.

பழைய கம்பெனியில் ஒரு தொல்லை. சிகில் தீவுக்குப் பின்பக்கம் படகு போய்விட்டால் டவர் வரும், போகும். அப்போது ரிங் போகாது, ஒரு பெண் வந்து, நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பாள். எவ்வளவு இனிமையான குரல் தெரியுமா. கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'அந்தம்மா'. அந்தம்மா வந்துவிட்டால் தேவாலய மேட்டில் ஏறி மறுபடி அடிக்க வேண்டும். அப்போதும் வந்தால் வேறு படகை அனுப்பி ஆளைக் கூட்டி வர வேண்டும். ஏனென்றால் சிகில் மலை மேற்கு வானத்தை முழுதாக மறைத்துவிடும். அதன் பின்னால் இருப்பவனுக்குப் புயல் தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். எஸ்டோங் வலை போடுவது அங்கேதான். மீனும் அங்கேதான்.

திருவிழாவுக்கு 'சாலோ' என்று ஒரு புதுக் கம்பெனிக்காரன் சந்தையில் குடை விரித்து உட்கார்ந்தான். சிம் இனாம். பத்து நாளைக்கு நாற்பத்தொன்பது பெசோ. பழைய கம்பெனியில் ஏழு நாளைக்கே தொண்ணூற்றொன்பது. கூட்டம் பிய்த்துக்கொண்டு போனது. பெலிசிமா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோ சீப்பா குடுக்குறியே, எதுல கை வைக்கிற?"

"எதுலயும் இல்ல மானாங். விளம்பரம் கிடையாது, பெரிய ஆபீஸ் கிடையாது, அதான்." எங்கள் பக்கத்தில் மானாங் என்றால் அக்கா.

"சிகிலுக்குப் பின்னாடி டவர் கெடைக்குமா? இல்ல அங்கயும் அந்தம்மாதானா?"

"நீங்களே அடிச்சுப் பாருங்க. எங்க கம்பெனியில அந்தம்மாவே கெடையாது. அவங்கள வேலைக்கே வைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

இரண்டு சிம் வாங்கி வந்தாள். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டு, இந்தப் பக்கம் பழையது, அந்தப் பக்கம் சாலோ என்று எழுதினாள். ஒரு வாரம் எஸ்டோங் கழுத்தில் இரண்டு போன் தொங்கியது. காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் என் வாசலில் நின்று, பழையதில் ஒன்று, சாலோவில் ஒன்று என்று அடிப்பாள். ரீசார்ஜ் எத்தனை நாள் தாங்குகிறது, மகள் செபுவில் இருந்து பேசினால் குரல் இரைகிறதா, டேட்டா சொன்ன அளவுக்கு வருகிறதா, எல்லாவற்றுக்கும் மார்க். மெசேஜ் சில சமயம் ஒரு மணி நேரம் கழித்துப் போனது. அதற்கு அரை மார்க் குறைத்தாள். கண்ணாடி இல்லாமல் எஸ்டோங்குக்கு மெசேஜ் படிக்கவும் வராது, பெரிய நஷ்டமில்லை என்றாள்.

ரிங் கணக்குதான் முக்கியம். பழையதில் பதினாலு தடவை அடித்ததில் ஐந்து தடவை அந்தம்மா வந்தாள். சாலோவில் பதினாலுக்குப் பதினாலும் ரிங் போனது. பென்சிலை அழுத்திப் 'பதினாலு' என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டாள்.

மீன் கூடையை இறக்கி வைத்த எஸ்டோங் எட்டிப் பார்த்தான். "சாலோவுல எனக்குப் பத்து தடவதான் அடிச்சுது, சிமா."

"மீதி நாலு தடவ குறட்ட விட்டிருப்ப."

"தூங்கலடி. கையில வலை இருந்துது. பத்துதான்."

"என் காதால கேட்டேன். மாரே பக்கத்துல நின்னா. ரிங் போகுதுன்னா அடிக்குதுன்னுதான அர்த்தம்? நீ கள்ளு குடிக்கப் போனா உனக்கு எந்த போனுமே அடிக்காது."

அது உண்மைதான். அந்த மனுஷனின் ஒரே பொய் அது. தென்னந்தோப்பில் கள் குடித்துவிட்டு நேரங்கழித்து வருவான், கேட்டால் போன் அடிக்கவில்லை என்பான். கழுத்தில் போன் தொங்கிய நாளிலிருந்து அப்படித்தான். நானும் சிரித்துவிட்டு என் கருவாட்டைத் திருப்பிப் போடப் போனேன். அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்று, மீதி நாலு எங்கே போயிற்று என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு வந்து தேவாலய வாசலில் படித்தாள். "சாலோதான்" என்றாள். அந்த வாரத்துக்குள் கரையே மாறிவிட்டது. பழைய சிம்மைப் பிள்ளைகள் மணலில் புதைத்து விளையாடினார்கள்.

அதற்குப் பிறகு கரையில் சண்டை கூடிப்போனது. காடி வாங்கி வரச் சொல்லி இரண்டு ரிங் விட்டால் வெறுங்கையோடு வந்து நிற்பார்கள். வியாபாரி வந்து காத்திருந்து போன பிறகு சாவகாசமாக வருவார்கள். கேட்டால் போன் அடிக்கவில்லை. என் தம்பி அதையே சொன்னான், எதிர்வீட்டு பெர்டிட்டோ அதையே சொன்னான். இத்தனை பேர் ஒரே பொய்யைச் சொல்கிறார்களே என்று எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. தோப்பில் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று திட்டினோம். எங்கள் காதில்தான் ரிங் போனதே. அந்தம்மா ஒரு தடவை கூட வரவில்லையே.

நவம்பர் முதல் வாரம் எஸ்டோங் மறுபடி காடி இல்லாமல் வந்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். பெலிசிமா கத்தினது தெருவுக்கே கேட்டது.

"ரெண்டு ரிங் விட்டேன். அடிக்கலன்னு சொல்லாத."

"அடிக்கல. சத்தியமா அடிக்கல."

"நீ செத்தாக்கூட அடிக்கலன்னுதான் சொல்லுவ."

அவன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். கோபத்தில் வருகிற பேச்சு, யார் வீட்டில் வராது? ஆனாலும் நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அடுத்த வியாழன் காலை பதினோரு மணிக்கு ஊர் மன்றத்தில் புயலுக்கான சிவப்புக் கொடி ஏற்றினார்கள். மேற்கே வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. காற்று சுத்தமாக இல்லை. கருவாடு காயும் தாளில் ஒரு மீன் செதில்கூட அசையவில்லை. நான் கருவாட்டை அள்ளினேன், பெலிசிமா ஓடி வந்து கை கொடுத்தாள். கொடியைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எஸ்டோங் விடியலிலேயே சிகிலுக்குப் பின்னால் போயிருந்தான்.

காதில் வைத்தாள். உதடு அசைய எண்ணினாள். வெட்டினாள்.

"போச்சா மாரே?" என்றேன்.

"மூணும் போச்சு. அரை மணியில வந்துடுவான்."

மறுபடியும் மூன்று விட்டாள், சந்தேகத்துக்கு. அதுவும் போனது. வீட்டுக்குப் போய் உலையில் அரிசி போட்டாள். திட்டினதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, அவனுக்குப் பிடித்த கணவாய் வேறு வதக்கினாள். வாசனை என் வீடு வரை வந்தது.

கரைக்குப் பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் கொடியைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். அரை மணி ஆயிற்று. எஸ்டோங் வரவில்லை. பெர்டிட்டோ படகை ஏற்றிக் கட்டப் போனவன், கயிற்றைக் கையில் பிடித்தபடி திரும்பி நின்றான்.

"மானாங், எஸ்டோங் அண்ணன் இன்னும் வரலியே. எஞ்சின் சூடாத்தான் இருக்கு. நான் போய்க் கூட்டிட்டு வந்துடவா? இருபது நிமிஷம்தான்."

பெலிசிமா கரண்டியோடு வாசலில் நின்றாள். கடலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். மூன்றாவது தடவையாக அடித்தாள். மூன்று ரிங். காதிலிருந்து எடுத்தாள்.

"வேணாம் தம்பி. ரிங் போகுது. வலையச் சுருட்டிட்டிருப்பான், கஞ்சன், விட்டுட்டு வர மனசு வராது. நீ எதுக்கு இந்தக் கடல்ல போயி மாட்டிக்கிற?"

பழைய சிம்மாக இருந்தால் அந்தம்மா வந்திருப்பாள். அந்தம்மா வந்திருந்தால் பெலிசிமாவே பெர்டிட்டோவைப் பிடித்துத் தள்ளியிருப்பாள். பெர்டிட்டோ படகைக் கட்டினான். பத்து நிமிஷத்தில் சிகில் தீவே கண்ணுக்குத் தெரியாமல் போனது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வீட்டுக் கூரைகளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் வாசலில் நனைந்துகொண்டு திரும்பத் திரும்ப அடித்தாள். ஒவ்வொரு தடவையும் ரிங் போனது.

மூன்றாம் நாள் தெற்குக் கரையில் கிடைத்தான். கழுத்தில் பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. உள்ளே தண்ணீர். வலையைத் தேடிப் போனவர்கள் அது கடலில் விரித்தபடியே இருந்தது என்றார்கள். அவன் சுருட்ட ஆரம்பிக்கவே இல்லை. அதைக் கேட்டு பெலிசிமா அழவில்லை. "மூணு ரிங் விட்டேனே. ஏன் வரல? கோவமா?" என்று என்னையே கேட்டாள். இறந்தவனுக்காக வைக்கும் ஒன்பது நாள் செபத்தில் எட்டு நாளும் அவள் மனதில் அது ஒன்றுதான் ஓடியது. தான் திட்டின கோபத்தில் வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டானா என்று. நான் என்ன சொல்வேன்? இல்லை மாரே, இல்லை மாரே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் செபம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மதியம், வாசலில் விரித்த பாயில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவன் போனைக் கழற்றி வெயிலில் காய வைத்திருந்தாள். மூடி ஒரு பக்கம், உப்புப் பூத்த பேட்டரி ஒரு பக்கம், சிம் ஒரு பக்கம். அதைப் பார்த்தபடியே தன் போனை எடுத்து அவன் நம்பரை அடித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பழக்கம்தான். காதில் வைத்தாள்.

அவள் முகம் மாறியது. போனை என் காதில் வைத்து அழுத்தினாள்.

ரிங் போனது. ஒன்று. இரண்டு. மூன்று.

எங்கள் முன்னால் பாயில் அவன் போன் மூன்று துண்டாகக் கிடந்தது.

"சத்தத்த இந்தக் கம்பெனிக்காரனுங்களே போடுறானுங்க, மாரே" என்றாள் மெதுவாக. "அங்க டவர் இருந்தாலும் இல்லாட்டியும். என் காதுக்கு மட்டும்."

எழுந்து போய்ச் சுவரில் ஆணியில் குத்தியிருந்த காலண்டர் தாளை எடுத்து வந்தாள். பென்சிலைத் தேடினாள். வட்டம் போட்டிருந்த 'பதினாலு' மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 'பத்து' என்று எழுதினாள்.

"அவன் சொன்னது சரிதான்" என்றாள். "பத்துதான்."